.308 வின்செஸ்டரா, 6.5 கிரீட்மூரா? வேட்டைக்கும் ரேஞ்சுக்கும் ஒரே ரைஃபிள் வாங்குபவருக்கு

நீங்கள் கேட்டது இது: டெக்சஸில் வேலை, முதல் ரைஃபிள் வாங்கப் போகிறீர்கள், பெரும்பாலும் வெள்ளைவால் மானும் காட்டுப்பன்றியும், என்றாவது ஒரு வருஷம் கொலராடோ போய் எல்க் என்ற பெரிய மான். மற்ற நாட்களில் மாதம் இரண்டு முறை ரேஞ்சுக்குப் போய்க் குறி சுட வேண்டும், போகப்போக 1000 கெஜம் வரை முயன்று பார்க்க ஆசை. கடைக்காரர் .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவுக்கான ரைஃபிளை வாங்கச் சொல்கிறார், கூட வேலை பார்க்கும் நண்பர் 6.5 கிரீட்மூர் தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார். எதை வாங்குவது?

உங்கள் விஷயத்தில் நான் 6.5 கிரீட்மூர் தான் சொல்வேன். ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் காரணத்துக்காக இல்லை. நீங்கள் மானையும் பன்றியையும் சுடப்போகும் தூரத்தில் இந்த இரண்டு தோட்டாக்களுக்கும் நடுவே பெரிதாக எதுவும் இல்லை. டெக்சஸில் பெரும்பாலான மான்கள் மறைவுக் குடிலில் உட்கார்ந்து, தீனி போடும் இடத்தைப் பார்த்துச் சுடப்படுகின்றன, அது 100 கெஜம், மிஞ்சினால் 150. அங்கே எதைக் கொண்டு போனாலும் நுரையீரலில் பட்டால் மான் விழும், குடலில் பட்டால் இரண்டுமே வேதனை தான். ஆகவே வேட்டையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வருஷத்துக்கு இரண்டு மூன்று தோட்டா மிருகத்தின் மேல் போகும், மீதி எல்லாம் காகிதத்தின் மேலும் இரும்புத் தகட்டின் மேலும் தான் போகும். அங்கே எது உங்களை நல்ல சுடுநராக ஆக்கும் என்பது தான் கேள்வி.

முதலில் இரண்டும் எங்கிருந்து வந்தவை என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இவற்றின் குணம் முழுவதும் அதில் இருக்கிறது. .308 வின்செஸ்டர் 1952-இல் கடைக்கு வந்தது. அதற்கு முன் அமெரிக்கப் படையிடம் இருந்தது .30-06. வெடிமருந்து நன்றாக மேம்பட்டுவிட்டதால் அதே வேலையைக் குட்டையான கூட்டில் (மருந்து நிரப்பும் பித்தளை உறையில்) செய்ய முடியும் என்று ராணுவம் சோதித்துக்கொண்டிருந்தது, அந்த வடிவத்தை வின்செஸ்டர் வேட்டைக்காரர்களுக்கு முன்கூட்டியே விற்றுவிட்டது. 1954-இல் அதுவே 7.62×51 என்ற பெயரில் நேட்டோவின் தோட்டா ஆனது. அதனால் தான் உலகத்தில் எங்கே போனாலும் .308 கிடைக்கிறது, அதற்கான குண்டுகளும் எண்ணிலடங்காத வகைகளில் இருக்கின்றன. ஆனால் அந்தக் கூடு வடிவமைக்கப்பட்டபோது, நீண்டு மெலிந்த இன்றைய குண்டுகளை யாரும் மனதில் வைக்கவில்லை.

6.5 கிரீட்மூர் வந்தது 2007-இல். தோட்டா தயாரிக்கும் ஹார்னடி நிறுவனத்தின் டேவ் எமரியும், போட்டிச் சுடுதலில் பேர் பெற்ற டென்னிஸ் டெமிலும் சேர்ந்து யோசித்தது. டெமிலின் குறை மிக எளிமையானது: போட்டிக்கு ஏற்ற தோட்டா வேண்டும் என்றால் வீட்டில் உட்கார்ந்து தானே மருந்து நிரப்ப வேண்டியிருக்கிறது, கடையில் பெட்டியாக வாங்கிச் சுடும் ஒருவருக்கு அதே தரம் ஏன் கிடைக்கக் கூடாது? ஹார்னடி அதற்காக .30 டிசி என்ற, சந்தையில் எடுபடாத ஒரு தோட்டாவின் கூட்டை எடுத்து, கழுத்தை 6.5 மில்லிமீட்டர் குண்டுக்குச் சுருக்கியது. பெயர் நியூயார்க்கின் கிரீட்மூர் மைதானத்தில் இருந்து வந்தது, 1874-இல் அமெரிக்க அணி அயர்லாந்து அணியை நூலிழையில் வென்ற இடம்.

இந்த இடத்தில் .260 ரெமிங்டனையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கிரீட்மூரின் உண்மையான பங்காளி அது தான். ரெமிங்டன் 1997-இல் .308-இன் கூட்டையே எடுத்துக் கழுத்தை மட்டும் 6.5-க்குச் சுருக்கி வெளியிட்டது. காகிதத்தில் அது கிரீட்மூரை விட ஒரு துளி வேகமானது கூட. பிறகு ஏன் தோற்றது? (ரைஃபிளில் தோட்டாவை உள்ளே ஏற்றும் பொறியை ஆக்‌ஷன் என்பார்கள்.) குட்டை ஆக்‌ஷன் ரைஃபிளின் மேகசினுக்குள், அதாவது தோட்டாக்கள் அடுக்கும் பெட்டிக்குள், 2.8 அங்குலத்துக்குச் சற்று மேலான நீளம் வரை தான் தோட்டா அடங்கும். .260-இன் கூடு 2.035 அங்குலம், கிரீட்மூரின் கூடு 1.920. நீளமான குண்டை .260-இல் பொருத்தினால் அதன் அடிப்பாகம் கூட்டுக்குள் ஆழமாக இறங்கி, மருந்துக்கான இடத்தைத் தின்றுவிடும். கிரீட்மூரில் கூட்டைக் குட்டையாக்கி, அந்த இடத்தைக் குண்டின் மூக்குக்கு விட்டுக்கொடுத்தார்கள். அதோடு ரெமிங்டன் குழலின் உள்ளே குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளங்களுக்கு 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குக் கொடுத்தது, கிரீட்மூருக்கு ஆரம்பத்திலிருந்தே 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமான சுழற்சி வேண்டும், அதைத் தொழிற்சாலையே கொடுத்துவிட்டது. குண்டு, கூடு, முறுக்கு, மேகசின் நான்கையும் ஒன்றாக யோசித்துச் செய்த தோட்டா என்பது தான் கிரீட்மூரின் பலம். விளம்பரம் தான் அதைத் தூக்கிவிட்டது என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். ஹார்னடியின் 140 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடையைச் சொல்லும் அளவு) இஎல்டி-மேட்ச் குண்டு கிரீட்மூரில் வினாடிக்கு 2710 அடி வேகத்தில் கிளம்புகிறது, அதன் ஜி1 பாலிஸ்டிக் கோஎஃபிஷன்ட் 0.646. .308-இல் நீண்ட தூரத்துக்குப் பலரும் வாங்கும் 175 கிரெயின் சியரா மேட்ச்கிங் 2600 அடியில் கிளம்புகிறது, அதன் எண் 0.505. அந்த எண் கூடினால் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் திறன் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் வேகத்தில் வித்தியாசம் சொற்பம், ஆனால் தூரம் போகப்போக .308 வேகத்தைச் சீக்கிரம் இழக்கிறது. மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில் 1000 கெஜத்தில் .308 குண்டு ஏறத்தாழ 100 அங்குலம் தள்ளப்படும், கிரீட்மூர் ஏறத்தாழ 70 அங்குலம். குண்டு கீழே இறங்குவதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன், தூரம் தெரிந்தால் ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) திருகைத் திருப்பி அதைச் சரிசெய்துவிடலாம், புவியீர்ப்பு நாளுக்கு நாள் மாறாது. காற்று அப்படி இல்லை. காற்றை நீங்கள் கண்ணால் பார்த்து மதிப்பிட வேண்டும். 10 மைல் என்று நினைத்து அது 8 மைலாக இருந்தால் .308-இல் 20 அங்குலம் தவறுவீர்கள், கிரீட்மூரில் 14. இலக்கு 20 அங்குல அகலத் தகடு என்றால், நடுவைக் குறிவைத்த குண்டுக்கு இரண்டு பக்கமும் 10 அங்குலம் தான் இடம், ஆக அந்தக் கணக்குப் பிழைக்கு இரண்டுமே வெளியே போகும். ஆனால் பிழை ஒரு மைலுக்குள் இருந்தால் கிரீட்மூர் 7 அங்குலத்தில் நின்றுவிடும், .308 ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கும். காற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த மன்னிப்பு பெரிய விஷயம்.

இன்னொன்று, ஒலியின் வேகம். குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும் கட்டத்தில் தடுமாறத் தொடங்கும். .308-இன் பழைய 168 கிரெயின் மேட்ச்கிங் 300 மீட்டர் போட்டிகளை மனதில் வைத்துப் பிறந்தது, அந்தத் தூரத்தில் அதை மிஞ்ச ஆள் கஷ்டம், ஆனால் கடல் மட்டத்தில் 800, 900 கெஜத்தைத் தாண்டினால் நம்ப முடியாது. 175 கிரெயின் 1000 கெஜத்தை எட்டிப் பிடிக்கும். கிரீட்மூர் 1300 கெஜம் வரை ஒலியின் வேகத்துக்கு மேலேயே இருக்கும்.

ஆனால் 300 கெஜத்துக்குள் வாருங்கள், இந்த மேன்மை எல்லாம் கரைந்துவிடும். அதே 10 மைல் காற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு அங்குலம். மானின் நெஞ்சுப் பகுதி எட்டு, ஒன்பது அங்குல வட்டம். நூறு வருஷமாக வேட்டைக்காரர்கள் இதைவிடக் குறைந்த தோட்டாக்களை வைத்துக்கொண்டு குடும்பத்துக்கு இறைச்சி கொண்டுவந்திருக்கிறார்கள்.

என்னை கிரீட்மூர் பக்கம் சாய வைப்பது காற்றை விட உதை தான். 8 பவுண்டு எடையுள்ள ரைஃபிளில் .308-இன் பின்னுதைப்பு சுமார் 18 அடி-பவுண்டு, கிரீட்மூரில் சுமார் 13. கால் பங்குக்கு மேல் குறைவு. .308 ஒன்றும் கொடூரமாக உதைக்கும் தோட்டா இல்லை, வயது வந்த யாரும் தாங்கலாம். பிரச்சினை இருபதாவது தோட்டாவுக்குப் பிறகு தொடங்குகிறது. தோள் வலிக்கிறதோ இல்லையோ, உடம்பு உதையை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும், விசையை அழுத்தும் நொடியில் கண் சிமிட்டும், தோள் முன்னால் தள்ளும். இது உங்களுக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவர் உங்களுக்குத் தெரியாமல் வெற்றுக்கூடு ஒன்றை மேகசினில் கலந்து வைத்தால் தான், வெடிக்காத அந்த நொடியில் குழல் துள்ளுவதைப் பார்ப்பீர்கள். புதிதாகத் தொடங்குபவரிடம் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்கப் பல மாதம் ஆகும். உதை குறைவு என்றால் இன்னொரு லாபமும் உண்டு: சுட்ட பிறகும் ஸ்கோப்பில் இலக்கு மறையாமல் இருக்கும், குண்டு எங்கே பட்டது என்று நீங்களே பார்ப்பீர்கள், அடுத்த தோட்டாவை அதற்கேற்பத் திருத்துவீர்கள். தனியாக ரேஞ்சுக்குப் போகிறவருக்கு இது கூடவே ஒரு வாத்தியார் இருப்பது மாதிரி.

இப்போது .308-க்காகப் பேசுகிறேன், ஏனென்றால் கடைக்காரர் சொன்னதும் வெறும் பழக்கத்தில் சொன்னது இல்லை.

குழலின் ஆயுள் முதலாவது. இரண்டு கூட்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு மருந்து எரிகிறது, ஆனால் கிரீட்மூரில் அந்த நெருப்பு சின்னத் துளை வழியாகப் போகிறது, அதனால் குழலின் தொண்டைப் பகுதி சீக்கிரம் அரிக்கும். போட்டித் தரத் துல்லியம் 2500 முதல் 3000 தோட்டா வரை என்று எதிர்பார்க்கலாம், .308 அலட்டிக்கொள்ளாமல் 5000-ஐத் தாண்டும். மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நாற்பது தோட்டா என்றால் வருஷத்துக்கு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு, மூன்று வருஷத்தில் குழல் மாற்றும் நிலை வரும். பயமாக இருக்கிறதா? மேட்ச் தோட்டா, அதாவது போட்டித் தரத் தோட்டா, ஒன்று ஒன்றரை, இரண்டு டாலர் என்று போட்டுப் பாருங்கள், 3000 தோட்டாவுக்கு நீங்கள் செலவழித்திருக்கும் பணத்தில் குழலின் விலை ஒரு சிறு பங்கு தான். தேய்ந்த குழலும் மான் வேட்டைக்கு இன்னும் பல வருஷம் தாங்கும்.

இரண்டாவது, நீங்கள் எந்தப் போட்டியில் சுடப் போகிறீர்கள் என்பது. எஃப்-கிளாஸ் என்ற நீண்ட தூரக் குறிபார்ப்புப் போட்டியில் எஃப்-டிஆர் பிரிவு .308-க்கும் .223-க்கும் மட்டுமே, கிரீட்மூரோடு போனால் எஃப்-ஓபன் பிரிவில் கனமான ரைஃபிள்களோடும் விலை உயர்ந்த உபகரணங்களோடும் மோத வேண்டும். பால்மா என்ற நீண்ட தூரப் போட்டியும் .308-இன் கோட்டை. உங்கள் ஊர் கிளப்பில் எஃப்-டிஆர் தான் நடக்கிறது என்றால் நான் மேலே சொன்னதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு .308 வாங்குங்கள். பிஆர்எஸ் பாணிப் போட்டி (வெவ்வேறு தூரத்தில், வெவ்வேறு நிலையில், நேரக் கட்டுப்பாட்டோடு சுடுவது) என்றால் கிரீட்மூர் நல்ல தொடக்கம். அங்கே முன்வரிசையில் இருப்பவர்கள் இன்னும் சின்னதான 6 மில்லிமீட்டர் தோட்டாக்களுக்குப் போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம், அது இன்னும் குறைந்த உதைக்காக.

மூன்றாவது, பயிற்சிச் செலவு. ராணுவ வகைத் தோட்டா மொத்தமாகக் கிடைப்பதால் .308-இல் மலிவாகச் சுடலாம், 100 கெஜத்தில் நின்றும் முழங்காலிட்டும் சுடும் பயிற்சிக்கு அது போதும். நல்ல வேட்டைத் தோட்டா, மேட்ச் தோட்டா என்று வந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை. குழலை 16, 18 அங்குலத்துக்குக் குட்டையாக்கி, சத்தம் குறைக்கும் சப்ரெசர் மாட்டிப் பன்றி வேட்டைக்கு மட்டும் என்று யாராவது கேட்டால் அவருக்கும் நான் .308 தான் சொல்வேன்.

அப்புறம் எல்க். இங்கே தான் சண்டை சூடாகும். ஆண் எல்க் 700 பவுண்டு வரை வரும், 6.5 போதுமா என்பது கேள்வி. ஸ்வீடனும் நார்வேயும் 1890-களில் உருவான 6.5×55 தோட்டாவை வைத்து, எல்க்கை விடப் பெரிய மூஸை நூறு வருஷத்துக்கு மேலாக வேட்டையாடி வருகின்றன. கிரீட்மூர் அதற்குக் கிட்டத்தட்ட சமம். 143 கிரெயின் 6.5 குண்டின் செக்‌ஷனல் டென்சிட்டி 0.293, .308-இன் 178 கிரெயினுக்கு 0.268. அதாவது தன் அகலத்துக்கு அது அதிகக் கனம், ஆழமாக நுழையும். ஆனால் .308 குண்டின் முகப்புப் பரப்பு 36 சதவீதம் அதிகம், கனமும் அதிகம், கிளம்பும்போது ஆற்றல் 2670 அடி-பவுண்டுக்கு எதிரே 2315. தோள்பட்டை எலும்பில் பட்டாலோ, மிருகம் சாய்வாக நின்றாலோ அந்தக் கூடுதல் கனம் கைகொடுக்கும். தூரம் கூடக் கூட ஆற்றல் இடைவெளி சுருங்கும் என்பதும் உண்மை. என் கருத்து: வருஷா வருஷம் எல்க்குக்குப் போகிறவர் என்றால் .308-ஐயோ இன்னும் பெரியதையோ எடுக்கலாம். என்றாவது ஒரு முறை போகும் உங்களுக்கு கிரீட்மூர் போதும், ஆனால் 300 கெஜத்துக்குள், மிருகம் பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும், உறுதியான குண்டோடு. கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேட்பது குறைந்தது .24 காலிபர், 85 கிரெயின் குண்டு, 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு. இரண்டுமே அதைச் சுலபமாகத் தாண்டும், ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, மிருகத்தைத் துன்பப்படுத்தாமல் வீழ்த்துவது வேறு.

குண்டைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரேஞ்சில் துளைகள் அழகாக நெருங்கி விழுகின்றனவே என்று இஎல்டி-மேட்ச்சையோ மேட்ச்கிங்கையோ வேட்டைக்குக் கொண்டு போகாதீர்கள். அவை காகிதத்துக்குச் செய்தவை, மிருகத்தின் உள்ளே சில நேரம் மேலோட்டமாகச் சிதறும், சில நேரம் ஊசி மாதிரி ஊடுருவிப் போய்விடும். மானுக்கு 143 கிரெயின் இஎல்டி-எக்ஸ் போதும், எல்க்குக்கு 140 கிரெயின் நாஸ்லர் அக்யூபாண்ட், அல்லது முழுச் செம்பில் செய்த பார்ன்ஸ் 127 கிரெயின் எல்ஆர்எக்ஸ். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது, அங்கே நண்பர் அழைத்தால் செம்பு தான். செம்பு ஈயத்தை விட லேசு, அதனால் அதே கனத்துக்குக் குண்டு நீளமாகிறது, கிரீட்மூரின் 8 அங்குல முறுக்கு அதற்கும் ஒத்துவரும். ஓஹாயோவில் மான் வேட்டைக்கு, கழுத்து சுருங்காத நேர்க்கூட்டுத் தோட்டா மட்டுமே அனுமதி, உங்கள் இரண்டு தேர்வுமே அங்கே செல்லாது.

ரைஃபிள் எது என்று தனியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். டிக்கா டி3எக்ஸ், பெர்காரா பி-14, கையில் காசு குறைவு என்றால் ரூகர் அமெரிக்கன், எதுவும் ஏமாற்றாது. ரைஃபிளில் மிச்சம் பிடித்து ஸ்கோப்பில் போடுங்கள். நீண்ட தூரம் சுட வேண்டும் என்றால் திருகைத் திருப்பிய அளவு துல்லியமாக நகர்ந்து, திரும்ப அதே இடத்துக்கு வரும் ஸ்கோப் வேண்டும். நாளைக்கு மனம் மாறினாலும் நஷ்டமில்லை: இரண்டு தோட்டாவின் அடிப்பாகமும் 0.473 அங்குலம் தான், போல்ட் அதே, குட்டை ஆக்‌ஷன் அதே, நல்ல துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்தால் குழலை மட்டும் மாற்றி .308 ஆக்கித் தருவார்.

கடைசியாக, கேட்காவிட்டாலும் நம் ஆட்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. நீங்கள் எச்-1பி போன்ற விசாவில் இருக்கிறீர்களா, கிரீன் கார்டா என்று எழுதவில்லை. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும், நண்பருடையதைக் கையில் வாங்குவதும் அதில் சேரும். இதற்குள்ள விலக்குகளில் நம்மவர்கள் பெரும்பாலும் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. டெக்சஸில் தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதியோடு காட்டுப்பன்றி சுட லைசென்ஸே தேவையில்லை என்று 2019-இல் மாற்றினார்கள், அதைக் கேட்டுவிட்டு லைசென்ஸ் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள், உங்களுக்கு அது பன்றிக்காக அல்ல, துப்பாக்கியைத் தொடுவதற்கே வேண்டும். டெக்சஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-இல் காலாவதியாகும், புதுப்பிக்காமல் செப்டம்பரில் ரேஞ்சுக்குப் போனால் அதுவே குற்றம், விசாவையும் பாதிக்கும். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். கூடவே வேட்டைக் கல்வி வகுப்பையும் இப்போதே முடித்துவிடுங்கள், கொலராடோவில் எல்க் வேட்டை அனுமதிக்கான குலுக்கலுக்கு விண்ணப்பிக்கவே அந்தச் சான்றிதழ் வேண்டும், அந்த விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்தில் மூடிவிடும்.